பறக்காமலே பறந்து பார்க்கும் கணக்கு

சங்குமுகம் கடற்கரைக்கு மாலையில் போகிறவர்களுக்கு அந்தக் காட்சி பழகிப் போன ஒன்று. கடலின் மேலிருந்து ஒரு விமானம் தாழ்ந்து தாழ்ந்து வரும். கடலை கொறித்துக் கொண்டிருப்பவர்கள் கொறிப்பதை நிறுத்தி அண்ணாந்து பார்ப்பார்கள். சத்தம் தலைக்கு மேல் கடந்து போகும். வளைகுடாவிலிருந்து வருகிற விமானம் என்றால், அதில் நம் ஊர்க்காரர் யாராவது இருப்பார் என்ற எண்ணம் பார்க்கிறவர் மனத்தில் தன்னால் வரும்.

சென்ற வாரம் அப்படிப் பார்த்துக் கொண்டிருந்தபோது பக்கத்தில் இருந்த நண்பர் ஒரு கேள்வி கேட்டார். அவர் நாகர்கோவில்காரர். சாலைக் கடைத்தெருவில் ஒரு மொத்தக் கடையில் முப்பது வருஷமாகக் கணக்கு எழுதுகிறார். கடைத்தெருவில் எல்லாருக்கும் அவர் அண்ணாச்சி.

"பைலட்டுக்கு முதலில் பொய் விமானத்தில்தான் பயிற்சி என்கிறார்களே. ஒரு அறைக்குள்ளே நிற்கிற பெட்டி அது. மெய் விமானம் எப்படி ஆடும் என்று அந்தப் பெட்டிக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்? சொல்லிக் கொடுத்தவன் தப்பாகச் சொல்லியிருந்தால்?"

கணக்கு எழுதுகிறவருக்குத்தான் இப்படிக் கேட்கத் தோன்றும். பெட்டிக்குள் இருப்பதும் கணக்குத்தான். அந்தக் கணக்கை எழுதுவதற்கு நாலைந்து முறைகள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் ஒரு விலை, ஒரு குறை. இந்த வேலையைப் பெரிய அளவில் செய்கிற இடம் சங்குமுகத்திலிருந்து கடலோரமாக வடக்கே சிறிது தூரத்தில்தான் இருக்கிறது. தும்பாவைத்தான் சொல்கிறேன்.

துருத்தி வைத்த விமானம்

பொய் விமானத்தின் கதை ஆர்மோனியப் பெட்டிக்குச் சொந்தக்காரர் ஒருவரிடம் ஆரம்பிக்கிறது. அமெரிக்காவில் பிங்காம்டன் என்ற ஊரில் எட்வின் லிங்க் என்ற இளைஞரின் தந்தை பியானோவும் ஆர்கன் வாத்தியமும் செய்யும் தொழிற்சாலை வைத்திருந்தார். விமானம் ஓட்டக் கற்றுக் கொள்ள ஆகும் செலவைக் கண்டு மலைத்த மகன், ஆர்கனுக்குக் காற்று ஊதும் துருத்திகளையே எடுத்து ஒரு மரப் பெட்டியின் அடியில் பொருத்தினார். உள்ளே உட்கார்ந்து பிடியை அசைத்தால் துருத்தி ஒரு பக்கம் ஊதும், மறுபக்கம் சுருங்கும். பெட்டி சாயும், திரும்பும், மூக்கைத் தூக்கும். 1929-ல் அதற்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார்.

முதலில் அதை வாங்கியவர்கள் பொழுதுபோக்குப் பூங்காக்காரர்கள். காசு போட்டால் குழந்தைகள் ஏறி ஆடலாம்! 1934-ல் அமெரிக்க ராணுவ விமானிகள் தபால் மூட்டைகளைச் சுமந்து இரவிலும் மூடுபனியிலும் பறக்க வேண்டி வந்தது. பலர் இறந்தார்கள். அதன் பிறகுதான் ராணுவம் லிங்கிடம் ஆறு பெட்டிகள் வாங்கிற்று. இரண்டாவது உலகப் போர் முடிவதற்குள் ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட விமானிகள் அந்தத் துருத்திப் பெட்டியில் பழகியிருந்தார்கள்.

ஆனால் அண்ணாச்சியின் கேள்விக்கு லிங்க் பெட்டியில் பதில் இல்லை. அது எந்த ஒரு விமானத்தைப் போலவும் ஆடவில்லை. பொதுவாக விமானம் என்று ஒன்று எப்படி ஆடுமோ அப்படி ஆடிற்று, அவ்வளவுதான். மேகத்துக்குள் கருவிகளை நம்பி ஓட்டக் கற்றுக் கொடுக்க அது போதும். "இந்த விமானம், இந்த எடையில், இந்த வேகத்தில், இந்தப் பிடியை இவ்வளவு இழுத்தால் என்ன செய்யும்?" என்று கேட்டால் துருத்திக்கு ஒன்றும் தெரியாது.

ரெடி ரெக்கனர் புத்தகம்

அதற்குக் கணக்கு வேண்டும். கணக்கின் ஒரு பாதி மிகவும் பழையது. ஒரு பொருளைத் தள்ளினால் அது எப்படி நகரும், திருகினால் எப்படிச் சுழலும் என்பதை நியூட்டன் காலத்திலேயே எழுதி வைத்து விட்டார்கள். விமானத்துக்கு ஆறு வகை அசைவு உண்டு: முன்னும் பின்னும், பக்கவாட்டில், மேலும் கீழும் ஆக மூன்று, மூக்கு ஏறி இறங்குவது, இறக்கை சாய்வது, மூக்கு இடம் வலம் திரும்புவது ஆக இன்னொரு மூன்று. இந்த ஆறுக்கும் உரிய சமன்பாடுகளை ஜி.எச். பிரையன் என்ற பிரிட்டிஷ் கணித மேதை 1911-லேயே ஒரு புத்தகமாகப் போட்டார். இன்றைக்குக் கோடி கோடியாகச் செலவு செய்து செய்யப்படும் சிமுலேட்டருக்குள்ளும் ஏறக்குறைய அதே சமன்பாடுகள்தான் ஓடுகின்றன.

தகராறு மறு பாதியில். தள்ளுவது எவ்வளவு, திருகுவது எவ்வளவு? அதைச் செய்வது காற்று. வேகம், உயரம், மூக்கின் கோணம், சுக்கானின் நிலை, சக்கரம் உள்ளே இருக்கிறதா வெளியே இருக்கிறதா என்று ஒவ்வொன்றுக்கும் அது மாறும். ஆகவே இத்தனைக்கும் எண்களை முன்கூட்டியே கண்டுபிடித்து அட்டவணையாக எழுதி வைத்துக் கொள்கிறார்கள். வட்டிக் கணக்குக்கு ரெடி ரெக்கனர் புத்தகம் வைத்திருக்கிறோமே, அதே மாதிரிதான். முதல் 500 ரூபாய்க்கும் உண்டு, 600 ரூபாய்க்கும் உண்டு. 540 ரூபாய்க்கு வேண்டுமானால் இரண்டுக்கும் நடுவில் பங்கு போட்டுக் கொள்கிறோம். சிமுலேட்டர் கம்ப்யூட்டரும் ஒவ்வொரு விநாடியும் பல முறை அந்தப் புத்தகத்தைப் புரட்டி, நடுவில் பங்கு போட்டு, விமானத்தை அடுத்த இடத்துக்கு நகர்த்துகிறது.

இதைச் சொன்னதும் அண்ணாச்சி உடனே பிடித்துக் கொண்டார். "சரி, புத்தகத்தின் கடைசிப் பக்கத்தையும் தாண்டிய தொகை வந்தால்?"

கேள்வியின் மர்மஸ்தானம் அதுதான். அதைப் பின்னால் பார்ப்போம். முதலில் புத்தகத்தை யார் எழுதுகிறார்கள் என்று பார்க்கலாம்.

எண்கள் வரும் வழிகள்

மிகவும் மலிவான வழி, பழைய விமானங்களைப் பார்த்துப் புதியதை மதிப்பிடுவது. இறக்கை நீளம் இவ்வளவு, அகலம் இவ்வளவு, வால் இவ்வளவு தள்ளி இருக்கிறது என்று கொடுத்தால், முன்னே பறந்த நூற்றுக்கணக்கான வடிவங்களின் அனுபவத்தை வைத்து இன்னின்ன எண் வரும் என்று சொல்லும் பெரிய கைப்புத்தகம் ஒன்றை அமெரிக்க விமானப் படைக்காகத் தொகுத்தார்கள். டாட்காம் என்று பெயர். 1970-களின் இறுதியில் அதைக் கம்ப்யூட்டர் நிரலாகவும் ஆக்கினார்கள். என்ஜினீயரிங் கல்லூரி மாணவர் ஒருவர் ஒரு பிற்பகலில் ஒரு விமானத்துக்கு உரிய அட்டவணையை அதிலிருந்து எடுத்து விடலாம். விமானம் விமானத்தைப் போலவே இருந்தால் விடை மோசமாக இராது. வடிவம் கொஞ்சம் விசித்திரமாகப் போனால் கைப்புத்தகம் கையை விரித்து விடும். தரகர் பார்வையாலேயே மூட்டைக்கு எடை சொல்வது போலத்தான். தெரிந்த சரக்கு என்றால் சரியாக இருக்கும்.

இரண்டாவது வழி காற்றுச் சுரங்கம். விமானத்தின் சிறிய உருவத்தைச் செய்து ஒரு கம்பியில் பொருத்தி, காற்றை அதன் மேல் பாய்ச்சி, தராசால் அளப்பது. ரைட் சகோதரர்கள் 1901-ல் தங்கள் சைக்கிள் கடையிலேயே ஆறடி நீள மரப் பெட்டி ஒன்றைச் செய்து, சுமார் 200 இறக்கை வடிவங்களை அதில் வைத்து அளந்தார்கள். அதற்குள் கிளைடரிலும் பறந்து பார்த்திருந்த அவர்கள் கண்ட உண்மை சுவாரசியமானது. நூறு வருஷத்துக்கும் மேலாக எல்லாரும் கண்ணை மூடிக் கொண்டு உபயோகித்து வந்த ஓர் எண் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு அதிகமாக இருந்தது. மற்றவர்கள் பறக்கத் தவறியபோது அந்தச் சகோதரர்கள் பறந்ததற்கு அவர்கள் புத்தகத்தில் எண்கள் சரியாக இருந்தது ஒரு பெரிய காரணம்.

காற்றுச் சுரங்கத்திலும் குறை உண்டு. சிறிய உருவத்தின் மேல் காற்று வழுக்குவதும், பெரிய விமானத்தின் மேல் வழுக்குவதும் ஒரே மாதிரி இராது. ஈ தண்ணீரில் விழுந்து தத்தளிப்பதும் எருமை குளத்தில் நீந்துவதும் ஒன்றாகுமா? உருவத்தைத் தாங்கும் கம்பியே காற்றைக் கொஞ்சம் கெடுக்கும். தவிர, கம்பியில் அசையாமல் நிற்கும் உருவத்திடமிருந்து, விமானம் சுழன்று கொண்டிருக்கும்போது என்ன ஆகும் என்று கேட்டுத் தெரிந்து கொள்வது லேசல்ல.

மூன்றாவது வழி, காற்றையே கம்ப்யூட்டருக்குள் கொண்டு வருவது. விமானத்தைச் சுற்றியுள்ள காற்றை லட்சக்கணக்கான சிறு சிறு பெட்டிகளாகப் பிரித்து, ஒவ்வொரு பெட்டியிலும் என்ன வேகம், என்ன அழுத்தம், என்ன சூடு என்று கணக்கிடுவது. மூட்டையில் உள்ள ஒவ்வொரு மணியையும் தனித்தனியே எண்ணிக் கூட்டுவது போல. இதற்கு ராட்சசக் கம்ப்யூட்டர் வேண்டும். நம் விக்ரம் சாராபாய் விண்வெளி மையத்தில் 2011-ம் வருஷம் மே மாதம் நிறுவப்பட்ட 'சாகா-220' என்ற சூப்பர் கம்ப்யூட்டர் விநாடிக்கு 220 லட்சம் கோடிக் கணக்குகள் போடக் கூடியது. அங்குள்ள விஞ்ஞானிகளே எழுதிய 'பராஸ்' என்ற நிரல் இந்தக் காற்றுக் கணக்குக்காகவே ஏற்பட்டது. காற்று உடம்போடு ஒட்டி ஓடுகிற வரைக்கும் இந்தக் கணக்கு நன்றாக வரும். பிய்த்துக் கொண்டு சுழலத் தொடங்கினால் இரண்டு நிபுணர்களின் விடைகள் இரண்டு விதமாக இருக்கும்.

நாலாவது வழி, விமானத்தையே பறக்க விட்டு அளப்பது. இதுதான் லாரியோடு எடை மேடையில் ஏற்றுவது. விமானி ஓர் அமைதியான காலை வேளையில் மேலே போய், பிடியை ஒரு கணம் முன்னே தள்ளி, மறுகணம் பின்னே இழுத்து விட்டு விடுவார். விமானம் எப்படித் துள்ளி எப்படி அடங்கிற்று என்பதைக் கருவிகள் பதிவு செய்யும். அப்புறம் கம்ப்யூட்டரிடம், "எந்த எண்களை அட்டவணையில் போட்டால் இதே துள்ளல் வரும்?" என்று தலைகீழாகக் கேட்பார்கள். பெரிய விமானக் கம்பெனிகளின் விமானிகள் பழகும் முதல்தர சிமுலேட்டர்களை அதிகாரிகள் ஒப்புக் கொள்வது, அவற்றின் ஆட்டம் மெய் விமானத்தின் பதிவுகளோடு குறிப்பிட்ட எல்லைக்குள் பொருந்தினால்தான். நம்பிக்கைக்கு இதற்கு மேல் ஒன்றும் இல்லை. ஆனால் இதற்கு விமானம் முதலில் பறந்திருக்க வேண்டுமே! பறப்பதற்கு முன்பு எண் தேவைப்படுகிறவனுக்கு இது உதவாது.

வீட்டுக் கம்ப்யூட்டரில் பையன்கள் ஆடும் விமான விளையாட்டுகளிலும் இந்த வேற்றுமை உண்டு. இலவசமாகக் கிடைக்கும் 'பிளைட்கியர்' அட்டவணை முறையில் ஓடக் கூடியது. 1990-களில் வந்த 'எக்ஸ்-பிளேன்' இறக்கையைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டின் மேலும் காற்று என்ன செய்யும் என்று அவ்வப்போதே கணக்கிட்டுக் கூட்டுகிறது. புது வடிவம் ஒன்றை வரைந்து உடனே பறக்க விட்டுப் பார்க்கப் பின்னது வசதி. நல்ல அட்டவணை கையில் இருந்தால் முன்னது நம்பகம். மகன் இரவெல்லாம் விமானம் ஓட்டுகிறான் என்று திட்டும் தகப்பனார்கள் இதையும் கொஞ்சம் விசாரித்து விட்டுத் திட்டலாம்.

தும்பாவின் சிறகு

இந்த முறைகள் எல்லாம் ஒரே இடத்தில் போட்டி போட்டதும், கை கோர்த்ததும் நம் ஊரில் நடந்திருக்கிறது.

தும்பாவில் 1963 நவம்பர் 21-ந் தேதி முதல் ராக்கெட் கிளம்பியது முதல் அங்கே வேலை பார்த்தவர்களில் தமிழர்கள் அநேகர். ராமேஸ்வரத்துக்காரர் அப்துல் கலாமைச் சொல்லவே வேண்டியதில்லை. இன்றைக்கும் காலை ரயிலில் நாகர்கோவில், குழித்துறை, பாறசாலை என்று ஏறி வருகிறவர்களில் அங்கே வேலைக்குப் போகிறவர்கள் உண்டு. சாதாரண ராக்கெட்டுக்குச் சிறகு கிடையாது. நேரே மேலே போகும், திரும்பி வராது. ஆனால் திரும்பி வந்து விமானம் போல ஓடுபாதையில் இறங்கும் வாகனம் ஒன்றைச் செய்ய வேண்டும் என்று ஆரம்பித்தபோது, ராக்கெட்காரர்கள் விமானக்காரர்களாகவும் ஆக வேண்டியதாயிற்று.

அந்தச் சோதனை வாகனம் 'ஆர்.எல்.வி.-டி.டி.'. நீளம் 6.5 மீட்டர், புறப்படும்போது ராக்கெட்டோடு சேர்த்து எடையில் பல டன், தனியே சிறகு வாகனம் மட்டும் 1.75 டன். மூக்கு மழுங்கல், இறக்கை குட்டை, வால் இரண்டு. கைப்புத்தகத்தில் இதற்குச் சொந்தக்காரர் யாரும் இல்லை. அது பறக்க வேண்டிய வேகமோ ஒலியைப் போல் ஐந்து மடங்கிலிருந்து இறங்கி இறங்கி ஒலிக்கும் கீழே வர வேண்டும். ஒலியை விட வேகமாகப் போகும்போது காற்று ஒரு சட்டத்துக்குக் கட்டுப்படும். மெதுவாகப் போகும்போது வேறொரு சட்டம். நடுவில் கடக்கும்போது இரண்டுக்கும் கட்டுப்படாமல் முரண்டும். ஒரே அட்டவணைப் புத்தகத்தில் மூன்று தேசத்துச் சட்டங்களையும் எழுத வேண்டும்.

எப்படி எழுதினார்கள் என்பதற்கு வெளிவந்த மூன்று எண்களே சாட்சி. காற்றுச் சுரங்கத்தில் 120 மணி நேரம். கம்ப்யூட்டர் காற்றுக் கணக்கில் 5,000 மணி நேரம். இரண்டிலிருந்தும் கிடைத்ததை வைத்துப் பொய்ப் பறப்பு 1,100 தடவை. காற்றுச் சுரங்கச் சோதனைகளுக்குப் பெங்களூர் தேசிய விண்வெளி ஆய்வகம் துணையாக இருந்தது.

இந்த விகிதத்தைக் கொஞ்சம் கவனியுங்கள். சுரங்கத்தில் ஒரு மணி நேரம் என்பது ஏகப்பட்ட ஆயத்தத்துக்குப் பின் கிடைப்பது. அதிவேகச் சுரங்கங்களில் பெரிய தொட்டிகளில் காற்றை அழுத்தி அடைத்து வைத்து, திறந்து விட்டு, அது தீர்வதற்குள் சில விநாடிகளிலோ நிமிஷத்திலோ அளந்து முடிக்க வேண்டும். ஆகவே முக்கியமான இடங்களில் மட்டும் சுரங்கத்தில் அளந்து, கம்ப்யூட்டர் விடையும் அந்த இடங்களில் ஒத்து வருகிறதா என்று பார்த்து, ஒத்து வந்தால் நடுவில் உள்ள மற்ற இடங்களைக் கம்ப்யூட்டரைக் கொண்டு நிரப்புவது உலகெங்கும் உள்ள வழக்கம். பேரேட்டில் எல்லா வரிகளையும் ஆடிட்டர் பார்ப்பதில்லை. பத்து இடத்தில் வவுச்சரோடு ஒத்துப் பார்த்து விட்டு மற்றதை நம்புகிறார் அல்லவா?

பின் எதற்கு ஆயிரத்துக்கு மேல் பொய்ப் பறப்பு? அட்டவணையில் உள்ள எந்த எண்ணும் அச்சாகச் சரி என்று யாரும் சத்தியம் செய்ய மாட்டார்கள். இந்த எண் 10 சதவீதம் கூடினால்? அந்த எண் குறைந்தால்? அன்றைக்கு மேல்காற்று எதிர்பாராத திசையில் அடித்தால்? இரண்டும் ஒன்றாக வந்தால்? இப்படி எல்லாவற்றையும் சீட்டுக் குலுக்குவது போலக் குலுக்கிப் போட்டு, ஒவ்வொரு தடவையும் வாகனம் பிழைக்கிறதா என்று பார்ப்பதுதான் இந்தத் தொழிலில் கையாளும் முறை. அடுத்த படியில் மெய் வாகனத்தில் ஏறப் போகும் கம்ப்யூட்டரையே மேஜை மேல் வைத்து, பொய் விமானத்தோடு ஒயரால் இணைத்து விடுவார்கள். தான் வானத்தில் ஐம்பது கிலோமீட்டர் உயரத்தில் பறப்பதாகவே அது நினைத்துக் கொண்டு உத்தரவுகளைப் போடும். அதை ஏமாற்றுவதில்தான் என்ஜினீயரின் சாமர்த்தியம்.

2016 மே 23-ந் தேதி காலை 7 மணிக்கு ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து அது கிளம்பியது. ராக்கெட் 91 விநாடி எரிந்து சுமார் 56 கிலோமீட்டர் உயரத்தில் கழன்றது. வாகனம் 65 கிலோமீட்டர் வரை ஏறி, ஒலியைப் போல் ஐந்து மடங்கு வேகத்தில் காற்று மண்டலத்தில் நுழைந்து, தானே வழி பார்த்துச் சறுக்கி, சுமார் 450 கிலோமீட்டர் தள்ளி வங்கக் கடலில் குறித்த இடத்தில் இறங்கிற்று. மொத்தம் 770 விநாடி. பதின்மூன்று நிமிஷம் கூட இல்லை. அந்தப் பதின்மூன்று நிமிஷத்துக்காக 5,000 மணி நேரம்!

ஓடுபாதையில் இறங்கிப் பழகுவது தனியே நடந்தது. கர்நாடகத்தில் சித்ரதுர்கா அருகே விமானச் சோதனைத் தளத்தில், விமானப் படையின் சினூக் ஹெலிகாப்டர் அதைச் சுமந்து 4.5 கிலோமீட்டர் உயரத்தில் கொண்டு போய் விட்டது. 2023 ஏப்ரல் 2-ந் தேதி முதல் தடவை. 2024 மார்ச் 22-ந் தேதி இரண்டாம் தடவை, வேண்டுமென்றே ஓடுபாதையின் நேர்க் கோட்டிலிருந்து 150 மீட்டர் தள்ளி விட்டார்கள். அதே ஆண்டு ஜூன் 23-ந் தேதி மூன்றாம் தடவை 500 மீட்டர் தள்ளி. 'புஷ்பக்' என்று பெயர் பெற்ற அந்த வாகனம் ஒவ்வொரு தடவையும் தானே திருத்திக் கொண்டு வந்து நடுக் கோட்டில் இறங்கியது. குட்டை இறக்கையானதால் தூக்கும் சக்தி குறைவு. தரையைத் தொடும்போது வேகம் மணிக்கு 320 கிலோமீட்டருக்கு மேல். சங்குமுகத்தில் நாம் பார்க்கிற பிரயாணி விமானத்துக்கு அது சுமார் 260 என்பது விண்வெளித் துறையே கொடுத்த கணக்கு. தரைக்கு அருகில் வரும்போது இறக்கைக்கும் மண்ணுக்கும் நடுவில் காற்று மெத்தை போல் தாங்கும். அந்த மெத்தை எவ்வளவு கனம் என்பதும் அட்டவணையில் இருந்தாக வேண்டும். ஓட்டுகிறவர் உள்ளே இல்லை. சமயத்துக்குச் சமாளித்துக் கொள்ள ஆள் கிடையாது.

பாடம் படித்த வருஷங்கள்

இவ்வளவு எச்சரிக்கை ஒரே நாளில் வந்து விடவில்லை. 1979 ஆகஸ்ட் 10-ந் தேதி எஸ்.எல்.வி.-3 ராக்கெட் கடலில் விழுந்தது. அதில் காற்றுக் கணக்கின் மேல் பழி இல்லை; இரண்டாம் அடுக்கின் கட்டுப்பாட்டு அமைப்பில் அமிலம் கசிந்து விட்டது. வால்வு கசியும் என்று நாம் சொல்லிக் கொடுக்காவிட்டால் எந்தப் பொய் விமானமும் தானாகக் கசிந்து காட்டாது. அடுத்த ஆண்டு ஜூலை 18-ல் அதே வகை ராக்கெட் ரோகிணியைச் சுற்றுப் பாதையில் சேர்த்தது.

1988 ஜூலை 13-ந் தேதி நடந்ததுதான் கணக்குக்காரர்களை உறுத்தியது. ஏ.எஸ்.எல்.வி. என்ற அடுத்த ராக்கெட் அதற்கு முந்தைய ஆண்டே ஒரு தடவை தவறியிருந்தது. இரண்டாம் தடவை, பக்கத்தில் கட்டியிருந்த ராக்கெட்டுகள் எரிந்து தீர்ந்து நடு ராக்கெட் முழு வலு பெறும் அந்தச் சிறு இடைவெளியில், காற்றின் தாக்குதல் உச்சத்தில் இருக்கும் உயரத்தில், நிமிர்த்திப் பிடிக்கும் சக்தி போதாமல் அது சாய்ந்து உடைந்தது. அதன் பிறகு பக்க ராக்கெட்டுகளின் வலு இறங்குவதை ராக்கெட்டே உணர்ந்து, அதற்கேற்ப நடு ராக்கெட்டைப் பற்ற வைக்கும் ஏற்பாடு வந்தது. 1992 மே 20-ல் மூன்றாவது ஏ.எஸ்.எல்.வி. மேலே போய்ச் சேர்ந்தது.

1993 செப்டம்பர் 20-ந் தேதி முதல் பி.எஸ்.எல்.வி.யும் வங்கக் கடலுக்குத்தான் போனது. அடுக்குகள் பிரியும்போது எதிர்பார்த்ததை விடப் பெரிய ஆட்டம் ஏற்பட்டது. அதை அடக்க வேண்டிய கம்ப்யூட்டர் நிரலில் ஒரு பிழை ஒளிந்திருந்தது. சாதாரண ஆட்டத்தில் அந்தப் பிழை தலை காட்டாது. பெரிய ஆட்டம் வந்த அன்றுதான் தலை காட்டிற்று. ஓராண்டு கழித்து இரண்டாவது பி.எஸ்.எல்.வி. சரியாகப் போனது.

புத்தகத்தின் கடைசிப் பக்கத்துக்கு அப்பால்

இப்போது அண்ணாச்சி கேட்டதற்கு வருவோம். அட்டவணையில் இல்லாத இடத்துக்கு விமானம் போனால் சிமுலேட்டர் என்ன செய்யும்? நின்று விடாது. கடைசிப் பக்கத்து எண்ணையே நீட்டிக் கொண்டு போகும், எந்தத் தயக்கமும் காட்டாமல்! உள்ளே இருக்கும் விமானிக்கு வித்தியாசம் தெரியாது. பொய் சொல்லப்படுகிறது என்று தெரியாமலே பொய்யைப் பழகிக் கொள்வார்.

2001 நவம்பர் 12-ந் தேதி நியூயார்க்கிலிருந்து கிளம்பிய ஏர்பஸ் விமானம் ஒன்று, முன்னே போன பெரிய விமானத்தின் சுழற்காற்றில் அகப்பட்டது. துணை விமானி வால் சுக்கானை இடமும் வலமுமாக மாறி மாறி பலமாக மிதித்தார். வால் பிய்ந்து விழுந்தது. தரையில் இருந்தவர் ஐவர் உள்பட 265 பேர் இறந்தார்கள். விசாரணைக் குழு அவர் பயின்ற சிமுலேட்டர் பாடத்தையும் ஆராய்ந்தது. அந்தப் பாடத்தில் விமானம் பெரிதாகச் சாய வேண்டும் என்பதற்காக, சில விநாடிகள் பிடிகள் வேலை செய்யாதபடி செய்து வைத்திருந்தார்கள். சுழற்காற்று என்றால் இவ்வளவு பயங்கரம், இவ்வளவு பலமாக மிதித்தால்தான் நிமிரும் என்ற தப்பெண்ணத்தை அந்தப் பாடம் உண்டாக்கியிருக்கலாம் என்று குழு எழுதியது.

2009-ல் இரண்டு விபத்துகள். பிப்ரவரி 12-ந் தேதி அமெரிக்காவில் பபலோ அருகே 50 பேர். ஜூன் 1-ந் தேதி அட்லாண்டிக் கடலில் ஏர் பிரான்ஸ் விமானம், 228 பேர். இரண்டிலும் விமானத்தின் மூக்கு அளவு மீறி உயர்ந்து, காற்று இறக்கையை விட்டுப் பிரிந்து, தூக்கும் சக்தி போய் விட்டது. 'ஸ்டால்' என்று இதைச் சொல்வார்கள். மூக்கைத் தாழ்த்த வேண்டிய சமயத்தில் உயர்த்தியே பிடித்திருந்தார்கள். அந்நாள் சிமுலேட்டர்களின் அட்டவணை பெரும்பாலும் ஸ்டாலின் வாசற்படியோடு முடிந்து விடும். உள்ளே போனால் என்ன ஆகும் என்பதை அவற்றில் பழக வழி இல்லை. அமெரிக்க அதிகாரிகள் அதன் பின்தான் ஸ்டாலுக்குள்ளும் செல்லும் மாதிரிக் கணக்கை சிமுலேட்டரில் சேர்க்க வேண்டும் என்று 2016-ல் விதி போட்டார்கள்.

அந்தப் பக்கங்களை எழுதுவது எப்படி? நானூறு பேர் ஏறும் விமானத்தை முழு ஸ்டாலில் ஆழமாகத் தள்ளி அளந்து வர எந்த விமானியும் ஆசைப்பட மாட்டார். கம்ப்யூட்டர் கணக்கு அங்கேதான் தடுமாறுகிறது. ஆகவே சுரங்கத்தில் உருவத்தைச் சுழல விட்டு அளந்ததும், கொஞ்சம் பறந்து அளந்ததும், அனுபவசாலி விமானிகள் உட்கார்ந்து பார்த்து 'இப்படித்தான் ஆடும்' என்று சொன்னதும் சேர்ந்து அந்தப் பக்கங்கள் நிரம்புகின்றன. விதிகளே அதை ஒப்புக் கொள்கின்றன. அறிவியலில் இது கொஞ்சம் கூச்சமான விஷயந்தான். ஆனாலும் வெற்றுப் பக்கத்துக்கு இது எவ்வளவோ மேல் என்பது நம் அபிப்பிராயம்.

எது சிறந்தது என்று ஒரே வரியில் கேட்டால், பறந்து அளந்ததே சிறந்தது என்று விமானக் கம்பெனிக்காரர் சொல்வார். முதல் பறப்புக்கு முன்னே நிற்கிறவர் அப்படிச் சொல்ல முடியாது. பெங்களூரில் தேஜஸ் போர் விமானத்தை உருவாக்கியவர்கள் அந்த நிலையில் இருந்தார்கள். அது தானாக நிலை நிற்காத வடிவம். கம்ப்யூட்டர் விநாடிதோறும் திருத்தா விட்டால் மனிதனால் ஓட்டவே முடியாது. 1998-ல் பொக்ரான் அணு சோதனைக்குப் பிறகு அமெரிக்கா தடை விதித்ததும், அங்கே போய் வேலை செய்து கொண்டிருந்த நம் என்ஜினீயர்கள் திரும்ப வேண்டி வந்தது. மிச்சத்தை இங்கேயே சிமுலேட்டரில் ஓட்டி ஓட்டிச் சரி பார்த்தார்கள். 2001 ஜனவரி 4-ந் தேதி விங் கமாண்டர் ராஜீவ் கோத்தியால் அதில் ஏறிக் கிளம்பியபோது, சுரங்கத்திலும் கம்ப்யூட்டரிலும் கிடைத்த எண்களை நம்பித்தான் ஏறினார். பத்திரமாக இறங்கினார். அன்றைக்குத்தான் நாலாவது முறைக்கு முதல் எண் கிடைத்தது.

தும்பாக்காரர்களுக்கு அடுத்த வேலை இதை விடக் கடினம். சுற்றுப் பாதையிலிருந்தே சிறகு வாகனத்தைத் திரும்பக் கொண்டு வர வேண்டும். அப்போது காற்றில் நுழையும் வேகம் ஒலியைப் போல் சுமார் 25 மடங்கு. விக்ரம் சாராபாய் மையத்தில் 2017-ல் திறந்த அதிவேகக் காற்றுச் சுரங்கம் 12 மடங்கு வரை காட்டும். 2022 டிசம்பரில் முதல் தடவை ஊதிப் பார்த்த 160 மீட்டர் நீளச் சுரங்கம் ஒலியின் ஐந்தில் ஒரு பங்கிலிருந்து நாலு மடங்கு வரை. அதற்கு மேலே உள்ள பக்கங்களைக் கம்ப்யூட்டரும் அதிர்வுக் குழாய்களும்தான் எழுதித் தர வேண்டும்.

இதையெல்லாம் சொல்லி முடிப்பதற்குள் இருட்டி விட்டது. கடலுக்கு மேல் இன்னொரு விளக்கு தெரிந்தது. அண்ணாச்சி கடலைப் பொட்டலத்தை மடித்துக் கொண்டே, "சரி, 120 மணியும் 5,000 மணியும் ஒத்துப் போகாத இடம் ஏதாவது இருந்திருக்குமே, அங்கே எதை எழுதினார்களாம்?" என்று கேட்டார். இரண்டையும் எழுதிக் கொண்டு, இரண்டிலும் பிழைக்கிற மாதிரி வாகனத்தின் கட்டுப்பாட்டை அமைப்பார்கள் என்று சொன்னேன். "எங்கள் முதலாளி சரக்குக்கு விலை போடுவதும் அப்படித்தான்" என்று சொல்லி எழுந்தார். கிழக்கேகோட்டை பஸ் வந்து விட்டது.